காதைப் பொத்திக்கொள்ளும் பிள்ளைக்கு வீட்டு முற்றத்திலேயே செய்யக்கூடியவை

ஊர்காவற்றுறைத் துறையில் எழுவைதீவுக்குப் போகும் படகு புறப்பட ஆயத்தமாக நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அரிசிமூட்டை, மண்ணெண்ணெய்க் கான், சைக்கிள், சனம் என்று படகு நிறைந்துவிட்டது. ஐந்து வயதுப் பெடியன் ஒருவன் தாயின் மடியில் இருக்கிறான். இயந்திரத்தை முடுக்கியதும் அவன் இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டு வீரிட்டுக் கத்துகிறான். உயிர்காப்பு அங்கியை மாட்டப்போன கையைக் கடிக்கிறான். பக்கத்தில் இருந்த அம்மம்மா ஒருவர் சொல்கிறார்: “செல்லம் குடுத்துக் கெடுத்துப் போட்டாய் பிள்ளை. ரெண்டு அடி போட்டால் சரியா வரும்.” தாய் ஒன்றும் பேசாமல் கடலைப் பார்க்கிறாள். அடி போட்டும் பார்த்திருக்கிறாள். அதனால் எதுவும் சரிவரவில்லை.

இந்தத் தாயும் பிள்ளையும் எங்கள் கற்பனை. ஆனால் இப்படியொரு பிள்ளை உங்கள் குறிச்சியிலும் இருக்கக்கூடும், உங்கள் வீட்டிலேயே இருக்கவும் கூடும். புதுச் சட்டை போட்டால் உரித்து எறிகிற பிள்ளை. சோற்றில் குழம்பு பட்டால் கோப்பையைத் தள்ளிவிடுகிற பிள்ளை. தலைமயிர் வெட்டும்போது நாலுபேர் பிடிக்கவேண்டிய பிள்ளை. விழுந்து முழங்கால் கிழிந்தும் அழாத பிள்ளை. நாள் முழுக்கச் சுற்றிக்கொண்டும் குதித்துக்கொண்டும் இருக்கிற பிள்ளை. இவர்களை ஊர் “அடங்காதது” என்றும் “விசர்க்குணம்” என்றும் சொல்லிவிடுகிறது. உண்மையில் இவர்களிற் பலருக்கு உள்ள சிரமம் குணத்தில் அல்ல. கண், காது, தோல் முதலிய புலன்கள் கொண்டுவரும் செய்திகளை மூளை ஒழுங்குபடுத்துவதில்தான் சிரமம். இதைப் புலன் உணர்வுச் சிரமம் என்று சொல்லலாம்.

இடம்பெயர்ந்து வாழ்கிற, அல்லது பல தடவை இடம்பெயர்ந்து திரும்பவும் காணிக்கு வந்து குடியேறியிருக்கிற குடும்பங்களுக்கு இந்த விடயம் இரண்டு மடங்கு முக்கியமானது. வீடு மாறுவது, சாப்பாடு மாறுவது, தகரக் கூரையில் மழை விழும் சத்தம், ஒரே கொட்டிலில் பத்துப்பேரின் நெருக்கம் ஆகியவை எல்லாப் பிள்ளைகளையும் வருத்தும். இப்படிப்பட்ட பிள்ளையையோ அவை நிலைகுலையவே செய்துவிடும்.

வாய்க்காலும் பாத்தியும்

தோட்டம் செய்தவர்களுக்கு இதை விளக்குவது சுலபம். கிணற்றில் இருந்து இறைத்த தண்ணீர் வாய்க்கால் வழியே வருகிறது. நாம் மண்வெட்டியுடன் நின்று, ஒரு பாத்திக்கு வேண்டிய அளவு தண்ணீர் பாய்ந்ததும் வாயை அடைத்து அடுத்த பாத்தியைத் திறந்துவிடுகிறோம். அப்படி முறைப்படி திறந்து அடைத்தால்தான் வெங்காயமும் மிளகாயும் பிழைக்கும். மூளையும் இதைத்தான் செய்கிறது. இந்த வரியை வாசிக்கிறபோது உங்கள் உடுப்பு தோலில் உரசுவதை நீங்கள் உணர்வதில்லை. தூரத்தில் நாய் குரைப்பதும் பெரிதாகக் கேட்பதில்லை. தேவையற்றதை மூளை அடைத்துவிடுகிறது. தேவையானதை மட்டும் திறந்துவிடுகிறது.

சில பிள்ளைகளுக்கு இந்த வாய் சரியாக அடைபடுவதில்லை. சிறு சத்தமும் வெள்ளமாகப் பாய்ந்து பயிரை மூடுகிறது. இவர்கள் காதைப் பொத்துவார்கள், ஓடி ஒளிவார்கள், கடிப்பார்கள். வேறு சில பிள்ளைகளுக்குத் தண்ணீர் கடைசிப் பாத்தி வரை வந்து சேர்வதே இல்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்பமாட்டார்கள். சூடும் நோவும் பிந்தியே தெரியும். இன்னும் சிலர் போதாத தண்ணீரைத் தாமே தேடிப்போகிறவர்கள். ஓயாமல் குதிப்பதும், சுற்றுவதும், கண்டதை வாயில் வைப்பதும் அதற்காகத்தான். ஒரே பிள்ளைக்குச் சத்தம் வெள்ளமாகவும் தொடுகை வறட்சியாகவும் இருக்கலாம்.

புலன் ஐந்து என்று படித்திருக்கிறோம். இந்த விடயத்தில் இன்னும் இரண்டைச் சேர்த்துக்கொள்ளவேண்டும். ஒன்று, உள்காதில் இருக்கிற சமநிலைப் புலன். ஊஞ்சலில் ஆடுகிறோமா, நிற்கிறோமா, சாய்கிறோமா என்று அறிவிப்பது அது. மற்றது தசைகளிலும் மூட்டுகளிலும் இருக்கிற புலன். கண்ணை மூடிக்கொண்டிருந்தாலும் கை எங்கே இருக்கிறது, எவ்வளவு பலமாகப் பிடிக்கிறோம் என்பதை அதுவே சொல்லும். வீட்டுப் பயிற்சிகள் பெரும்பாலும் இந்த இரண்டையும் தொடுகைப் புலனையும் பற்றியவையே.

இதைப் பற்றி முதலில் விரிவாக எழுதியவர் அமெரிக்காவின் கலிபோர்னியாவைச் சேர்ந்த தொழில்வழிச் சிகிச்சையாளர் ஜீன் அயர்ஸ் (1920–1988). படிப்பில் பின்தங்கிய பிள்ளைகளுடன் பணியாற்றிய அவர், புலன்களின் ஒருங்கிணைப்புப் பற்றிய தமது நூலை 1972 இல் வெளியிட்டார். ஓட்டிசம் எனப்படும் மதியிறுக்கம் உள்ள பிள்ளைகளில் இந்தச் சிரமம் மிகவும் அதிகம். 2013 இல் அமெரிக்க மனநல வைத்தியர் சங்கம் திருத்தி வெளியிட்ட நோய் வகைப்படுத்தல் நூலில், புலன் உணர்வு கூடுதலாகவோ குறைவாகவோ இருப்பது ஓட்டிசத்தின் அடையாளங்களில் ஒன்றாகச் சேர்க்கப்பட்டது. எனினும் காதைப் பொத்துகிற பிள்ளை எல்லாம் ஓட்டிசம் உள்ள பிள்ளை அல்ல. மாதம் நிறையாமல் பிறந்த பிள்ளைகள், கவனக்குறைவும் துடியாட்டமும் உள்ள பிள்ளைகள், மற்ற எல்லா வகையிலும் சாதாரணமாக வளரும் பிள்ளைகள் சிலரிடத்திலும் இதைக் காணலாம்.

மாட்டுப்பட்டியில் கற்ற பாடம்

ஓட்டிசம் உள்ள ஒருவரே இதை விளக்கிய கதை கமக்காரருக்கு நன்றாக விளங்கும். டெம்பிள் கிராண்டின் என்ற அமெரிக்கப் பெண்மணி 1947 இல் பிறந்தவர். மூன்று வயது கடந்தும் அவர் பேசவில்லை. யாராவது கட்டியணைத்தால் தாங்கமாட்டார். ஆனால் அணைப்பின் அழுத்தத்துக்காக அவரது உடம்பு ஏங்கிக்கொண்டும் இருந்தது. இளவயதில் அரிசோனா மாநிலத்தில் உறவினர் ஒருவரின் மாட்டுப் பண்ணைக்குப் போயிருந்தபோது ஒன்றைக் கண்டார். ஊசி போடுவதற்காக மாடுகளை இருபுறமும் பலகையால் மெதுவாக நெரித்துப் பிடிக்கும் ஒரு கூடு அங்கே இருந்தது. மிரண்டு வந்த மாடுகள் சில அந்த அழுத்தத்தில் அமைதியடைவதைப் பார்த்தார். பின்னர் தமக்கென்றே அப்படி ஒரு கூட்டைப் பலகையால் செய்து, எவ்வளவு நெரிக்கவேண்டும் என்பதைத் தாமே கட்டுப்படுத்தும்படி அமைத்துக்கொண்டார். பதற்றம் குறைந்தது. பிற்காலத்தில் அவர் கொலராடோ அரச பல்கலைக்கழகத்தில் கால்நடை விஞ்ஞானப் பேராசிரியரானார். வேலியில் தொங்கும் சட்டையும், நிலத்தில் விழும் நிழலும், சங்கிலியின் கிலுக்குச் சத்தமும் மாட்டை மிரட்டும் என்று பண்ணைக்காரருக்குச் சொல்லிக்கொடுத்தார்.

மிரண்ட மாட்டை அடித்து அடக்கினால் அது இன்னும் மிரளும் என்பது உங்களுக்குத் தெரியும். எது மிரட்டியது என்று பார்த்து அதை அகற்றுவீர்கள். கழுத்தைத் தடவி, பழகிய குரலில் கூப்பிடுவீர்கள். மாட்டிடம் காட்டுகிற அந்தப் பொறுமையைப் பிள்ளையிடமும் காட்டுவதே வீட்டுச் சிகிச்சையின் முதற்படி. இன்னொன்றையும் கவனியுங்கள்: நெரிக்கும் அளவு அவருடைய கையிலேயே இருந்தது. பிள்ளை விரும்பாத அழுத்தம் சிகிச்சை ஆகாது.

முதலில் ஒரு கிழமை பாருங்கள்

எந்தப் பயிற்சிக்கும் முன் ஒரு கொப்பியில் ஒரு கிழமைக்கு எழுதி வாருங்கள். எழுத நேரமில்லாவிட்டால் மூத்த பிள்ளையைக் கொண்டு எழுதுவியுங்கள். எழுதவேண்டியவை நான்கு: எப்போது குழம்பினான்? அதற்குச் சற்று முன் என்ன நடந்தது? என்ன செய்தான்? எதனால் அமைதியானான்?

கிழமை முடிவில் வாசித்துப் பார்த்தால் ஒரு ஒழுங்கு தெரியவரும். தண்ணீர் இறைக்கும் மோட்டார் ஓடும் நேரத்தில் மட்டும் கத்துகிறானா? பசியிலும் நித்திரைக் குறைவிலும் கூடுகிறதா? சாக்குக் குவியலுக்குள் புகுந்து படுத்தால் ஆறுதலடைகிறானா? அந்தக் குறிப்புத்தான் உங்கள் பிள்ளைக்கான மருந்துச் சீட்டு. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குச் சரிவந்தது உங்கள் பிள்ளைக்கும் சரிவரும் என்றில்லை.

கூடவே சில விடயங்களை வைத்தியசாலையில் பார்ப்பித்துக்கொள்ளுங்கள். காது கேட்கிறதா, காதில் சீழ் உண்டா, கண் தெரிகிறதா, இரத்தச்சோகையோ பூச்சித் தொல்லையோ உண்டா. மண்ணும் சுண்ணாம்பும் தின்கிற பிள்ளைக்கு இரும்புச்சத்துக் குறைவு இருக்கலாம். பல்வலியைச் சொல்லத் தெரியாத பிள்ளையும் சாப்பாட்டைத் தள்ளும், தலையை மோதும்.

முற்றத்தில் உள்ள பயிற்சிகள்

பட்டணத்துச் சிகிச்சை நிலையங்களில் மெத்தை, பெரிய பந்து, தொங்கு ஊஞ்சல் எல்லாம் வைத்திருப்பார்கள். டேவிட் வேர்னர் என்பவர் மெக்சிக்கோவின் மலைக் கிராமங்களில் பெற்ற அனுபவத்தைக் கொண்டு 1987 இல் மாற்றுத்திறனுள்ள கிராமத்துப் பிள்ளைகளுக்காக ஒரு பெரிய கைநூலை எழுதினார். ஊரில் கிடைக்கும் பொருளே உபகரணமாகலாம் என்பது அதன் அடிப்படை. எங்கள் முற்றங்களுக்கும் அது பொருந்தும்.

பாரவேலை: தசைக்கும் மூட்டுக்கும் வேலை கொடுக்கும் தொழில்கள் பல பிள்ளைகளைச் சாந்தப்படுத்துகின்றன. சிறு வாளியில் அரைவாசித் தண்ணீர் கொண்டுவந்து கத்தரிக்கன்றுக்கு ஊற்றுதல், கடகத்தில் தேங்காய் இரண்டு சுமந்து வருதல், உமிச்சாக்கை இழுத்தல், புட்டுக்கு மாக் குழைத்தல், தேங்காய்ப்பூவைப் பிழிந்து பால் எடுத்தல், ஈரத்துணியை முறுக்குதல், பனையோலையை இழுத்துக் குவித்தல், கடற்கரை மணலில் குழி தோண்டுதல் ஆகியவை எல்லாம் சிகிச்சைதான். பாரம் பிள்ளை சிரமமின்றித் தூக்கக்கூடியதாக இருக்கவேண்டும். இது கூலிவேலையும் அல்ல, தண்டனையும் அல்ல. பள்ளிக்குப் போகுமுன், சாப்பிட இருக்குமுன், படுக்கைக்கு முன் என்று குழப்பம் வரக்கூடிய நேரத்துக்குச் சற்று முன்னதாகச் செய்விப்பது நல்லது.

அழுத்தமான தொடுகை: மெல்லத் தடவுவது இப்படிப்பட்ட சில பிள்ளைகளுக்கு எறும்பு ஊர்வதுபோல இருக்கும். உள்ளங்கையால் தோளையும் கையையும் ஊன்றி அழுத்தினால் பொறுத்துக்கொள்வார்கள். பின்னாலிருந்து திடீரெனத் தொடவேண்டாம். “அம்மா இப்ப கையைப் பிடிக்கப்போறன்” என்று சொல்லிவிட்டுத் தொடுங்கள். பழைய சேலையில் கழுத்துக்குக் கீழே சுற்றி, பாயில் உருட்டி விளையாடலாம். முகமும் தலையும் எப்போதும் வெளியே இருக்கவேண்டும். அவன் “போதும்” என்றாலோ திமிறினாலோ உடனே விடவேண்டும்.

ஊஞ்சல்: வேம்பில் கட்டிய ஊஞ்சலில் முன்னும் பின்னுமாக மெதுவாகவும் ஒரே சீராகவும் ஆட்டுவது அமைதியைத் தரும். வேகமாகச் சுற்றுவது உசுப்பிவிடும். முகம் வெளிறினால், வியர்த்தால், ஓங்காளித்தால் உடனே நிறுத்துங்கள். வலிப்பு வருகிற பிள்ளை என்றால் வைத்தியரைக் கேட்காமல் சுற்றவேண்டாம். கால் நிலத்தில் முட்டும்படி தாழ்வாகக் கட்டினால் பயந்த பிள்ளையும் தானே ஆடப் பழகும்.

கைக்குப் பழக்கம்: மண், மா, பசை எதையும் தொடாத பிள்ளைக்கு முதலில் சுளகில் காய்ந்த பயறு வையுங்கள். அதற்குள் அவன் விரும்பும் ஒரு சிப்பியை ஒளித்து எடுக்கச் சொல்லுங்கள். சில நாள் சென்றபின் அரிசி, பிறகு காய்ந்த மணல், அதன்பின் ஈரமணல். தொடமாட்டேன் என்றால் அகப்பையால் கிண்டட்டும். கையைப் பிடித்து அமுக்கவேண்டாம். வாயில் வைத்து விழுங்கும் பிள்ளைக்குத் தானியம் கொடுக்கவேண்டாம், புரைக்கேறும்.

உடுப்பு: புதுச் சீருடையை நாலைந்து தடவை தோய்த்து மெதுவாக்கிப் போடுங்கள். கழுத்துப் பட்டியில் உள்ள துண்டுச்சீலையை வெட்டிவிடுங்கள். உள்ளே பழைய பருத்திப் பெனியன் போட்டால் தையல் உரசாது. நகமும் தலைமயிரும் குளித்த பின் வெட்டினால் நோவு குறைவாகத் தெரியும்.

சாப்பாடு: கூழ் எங்களுக்கு அமிர்தம். ஆனால் மீன், நண்டு, கிழங்கு, கீரை எல்லாம் ஒன்றாகக் கலந்து வருகிற சாப்பாடு இந்தப் பிள்ளைக்குப் பெரும் குழப்பம். புட்டைத் தனியாகவும் சொதியைத் தனியாகவும் வையுங்கள். பழகிய சாப்பாட்டுக்குப் பக்கத்தில் புதியதை ஒரு துளி மட்டும் வைக்கலாம். முதல் நாள் பார்க்கட்டும், பின்பு மணக்கட்டும், அதன்பின் நாக்கில் வைக்கட்டும். வாயைத் திறந்து திணிக்கவேண்டாம். பிள்ளை மெலிந்தால், அல்லது இரண்டு மூன்று வகையைத் தவிர எதுவும் உண்ணாவிட்டால் கிளினிக்கில் சொல்லுங்கள்.

சத்தம்: கோயில் திருவிழா ஒலிபெருக்கி, தேவாலய மணி, வெடி, படகு இயந்திரம் ஆகியவற்றை நாம் நிறுத்த முடியாது. ஆனால் முன்கூட்டியே சொல்லலாம், தூரத்தில் நிற்கலாம், வேலைத்தளங்களில் போடும் காதுமூடியைப் பயன்படுத்தலாம். நாள் முழுக்கக் காதை மூடி வைத்தால் சிறு சத்தத்துக்கும் கூச்சம் கூடிவிடும். ஆகவே தேவையான நேரத்துக்கு மட்டும். படகுப் பயணத்துக்கு முன், உயிர்காப்பு அங்கி ஒன்றை இரவல் வாங்கி வீட்டிலேயே விளையாட்டாகப் போட்டுப் பழக்கலாம். இயந்திரத்துக்குத் தூரமாக, புகை படாத பக்கத்தில் இருத்துங்கள். கையில் பிசைவதற்கு ஒரு துணிப்பந்து கொடுங்கள்.

அமைதி மூலை: ஒற்றை அறை வீட்டிலும் ஒரு மூலையைச் சேலையால் மறைத்துப் பாய் விரித்துவிடலாம். குழம்பும்போது அவனே போய் இருக்கிற இடம் அது. தண்டனைக்கு அங்கே அனுப்பவேண்டாம்.

குழம்பிவிட்டால்

எவ்வளவு கவனமாக இருந்தாலும் சில நாள் வெள்ளம் வரம்பை உடைக்கும். அந்த நேரத்தில் புத்தி சொல்வது வீண்; காதில் விழுகிற ஒவ்வொரு சொல்லும் இன்னொரு வாளித் தண்ணீர். வேடிக்கை பார்க்கிறவர்களை விலக்குங்கள். சத்தத்திலிருந்தும் வெயிலிலிருந்தும் அப்புறப்படுத்துங்கள். கல், கத்தி, அடுப்பு அருகில் இல்லாமற் பாருங்கள். விரும்புகிற பிள்ளையை மட்டும் இறுக அணையுங்கள். ஆறிய பின் தண்ணீர் கொடுங்கள். நடந்ததற்கு அடியும் வேண்டாம், அவன் முன்னால் நாலுபேரிடம் சொல்லிக் குறைப்படுவதும் வேண்டாம்.

கிணறு, கடல், காணி

இந்தப் பிள்ளைகளிற் பலர் தண்ணீரில் பெரும் பிரியம் உள்ளவர்கள். ஆபத்து அறியாமல் தனியே நடந்து போய்விடுகிறவர்களும் உண்டு. கட்டில்லாத தோட்டக்கிணறு எத்தனையோ தீவுகளிலும் மீள்குடியேறிய காணிகளிலும் திறந்து கிடக்கிறது. ஊஞ்சல் கட்டுவதற்கு முன் கிணற்றைச் சுற்றி அடைப்புப் போடுங்கள். படலைக்கு உயரத்தில் கொளுக்கி வையுங்கள். கொளுக்கியில் ஒரு மணியையும் கட்டுங்கள். நோவும் சூடும் தெரியாத பிள்ளை அடுப்படியில் தனியே நிற்கக்கூடாது. வெடிபொருள் எச்சரிக்கைப் பலகை உள்ள காணிகளுக்கு அண்மையில் குடியிருப்போர், கண்டதை எடுத்து வாயில் வைக்கும் பிள்ளையைக் கண்பார்வைக்குள்ளேயே வைத்திருக்கவேண்டும். அயலவருக்கும் படகோட்டிக்கும் கடைக்காரருக்கும் பிள்ளையைப் பற்றிச் சொல்லி வையுங்கள். மறைத்தால் காப்பாற்றுவதற்கு ஆள் இருக்காது.

இடம்பெயரும்போது

1990 களின் தொடக்கத்தில் தீவகத்திலிருந்தும், 1995 ஒக்டோபர் 30 இல் வலிகாமத்திலிருந்தும், 2009 வரை வன்னியிலும் எங்கள் சனம் ஓடிய ஓட்டத்தில் எதை எடுப்பது எதை விடுவது என்று யோசிக்க நேரம் இருக்கவில்லை. இனி ஒருபோதும் அப்படி வரக்கூடாது. ஆயினும் வெள்ளம், புயல் அல்லது வீடு மாற்றம் வரும்போது இந்தப் பிள்ளைக்கென ஒரு சிறு பொதி கட்டி வையுங்கள். அவன் படுக்கும் பழைய சேலை, தண்ணீர் குடிக்கும் அதே கோப்பை, பிசையும் துணிப்பந்து, காதுமூடி, கிளினிக் கொப்பி. மணமும் தொடுகையும் பழகியவையாக இருந்தால் இடம் புதிதானாலும் பிள்ளை பாதி வீட்டில் இருக்கிறது.

நாளின் ஒழுங்கையும் கூடவே கொண்டுபோங்கள். எழும்புதல், முகம் கழுவுதல், சாப்பாடு, வேலை, விளையாட்டு, குளிப்பு, நித்திரை என்று கரியால் சுவரில் அல்லது மட்டையில் படம் கீறி, முடிந்ததை விரலால் காட்டுங்கள். “முதலில் குளிப்பு, பிறகு ஊஞ்சல்” என்று இரண்டே சொல்லில் சொல்லுங்கள். அடுத்து என்ன வரும் என்று தெரிந்தால் பயம் பாதியாகக் குறையும்.

இங்கே ஒரு வேறுபாட்டையும் கவனிக்கவேண்டும். முன்னர் நன்றாக இருந்த பிள்ளை ஒரு குண்டுச்சத்தம், விபத்து அல்லது சாவின் பின் சத்தத்துக்கு நடுங்கத் தொடங்கினால் அது மனக்காயமாக இருக்கலாம். கைக்குழந்தையாக இருந்த காலத்திலிருந்தே தொடுகைக்கும் சத்தத்துக்கும் இப்படி என்றால் நாம் பேசிய சிரமமாக இருக்கலாம். பேசிய சொற்களை மறந்துபோகும் பிள்ளையை எந்த வயதிலும் தாமதிக்காமல் காட்டவேண்டும்.

எவ்வளவு நம்பலாம்?

வாசகருக்கு உண்மையைச் சொல்வது கடமை. புலன் பயிற்சிகளால் எல்லாம் மாறிவிடும் என்று சொல்கிறவர்களை நம்பவேண்டாம். 2012 இல் அமெரிக்கக் குழந்தை வைத்தியர் கழகம், இவற்றின் பயன் பற்றிய ஆய்வுகள் போதிய அளவு இல்லை என்றும், இதைத் தனி நோயாகப் பெயரிட்டுவிட்டு மற்றக் காரணங்களைத் தேடாமல் விடக்கூடாது என்றும் அறிவுறுத்தியது. 2014 இல் பிரித்தானியாவில் வெளியான ஒரு பரிசோதனையில், பாரம் கூட்டிய போர்வை ஓட்டிசம் உள்ள பிள்ளைகளின் நித்திரையைக் கூட்டவில்லை என்று தெரிந்தது. ஆகவே அப்படியான போர்வைக்குப் பணம் செலவழிக்கவேண்டாம். மணல் மூட்டையைப் பிள்ளையின்மேல் வைத்து நித்திரையாக்கவும் வேண்டாம். சிறு பிள்ளைக்கு அது மூச்சடைக்கும் ஆபத்து.

புது விதை வந்தால் நீங்கள் காணி முழுக்க விதைப்பதில்லை; ஒரு பாத்தியில் போட்டுப் பார்க்கிறீர்கள். இதையும் அப்படியே செய்யுங்கள். ஒரு நேரத்தில் ஒரு பயிற்சி, ஒரு குறிக்கோள். உதாரணமாக, “சாப்பிடும்போது ஐந்து நிமிடம் பாயில் இருப்பான்.” மூன்று நாலு கிழமை கொப்பியில் எழுதுங்கள். பலன் இருந்தால் தொடருங்கள், இல்லாவிட்டால் மாற்றுங்கள்.

பெற்றோரால் முடியும் என்பதற்கு எங்கள் நாட்டிலேயே ஆதாரம் உண்டு. கொழும்புப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹேமமாலி பெரேராவும் அவருடன் பணியாற்றியோரும் 2009 இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியில் 18 முதல் 24 மாதம் வரையான பிள்ளைகளில் 93 பேருக்கு ஒருவர் என்ற அளவில் ஓட்டிசம் கண்டறியப்பட்டது. 2016 இல் அவர்கள் வெளியிட்ட மற்றோர் ஆய்வு, வீட்டிலேயே தாய்மார் பயிற்றிய சிறு பிள்ளைகளில் நல்ல முன்னேற்றத்தைக் கண்டது. அதே ஆண்டில் வெளியான இன்னொரு பரிசோதனை இந்தியாவின் கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் 65 பிள்ளைகளின் குடும்பங்களுடன் நடந்தது. அதில் பெற்றோருக்கு வழிகாட்டியவர்கள் விசேட நிபுணர்கள் அல்லர். பயிற்சி பெற்ற சாதாரண சுகாதாரப் பணியாளர்கள். பெற்றோரும் பிள்ளையும் ஒருவரோடொருவர் தொடர்புகொள்ளும் முறை அங்கும் மேம்பட்டது. இவை புலன் பயிற்சியை மட்டும் பற்றிய ஆய்வுகள் அல்ல. பிள்ளையைக் கவனித்து, அவன் செய்வதைப் பின்தொடர்ந்து, பேசி விளையாடுவதைப் பற்றியவை. ஊஞ்சலும் வாளியும் அந்தப் பேச்சுக்கு நல்ல சந்தர்ப்பங்கள்.

யாரிடம் போவது?

எழுவைதீவிலிருந்து ஒரு கிளினிக்குக்குப் போவதென்றால் படகும் பஸ்சுமாக ஒரு நாள் போய்விடும் என்பது தெரியும். ஆகவே போகும் பயணம் வீணாகாமல், நீங்கள் எழுதிய கொப்பியையும் பிள்ளையின் வளர்ச்சிப் பதிவுப் புத்தகத்தையும் கொண்டுபோங்கள். முதலில் குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள். அவர் மூலமாகச் சுகாதார வைத்திய அதிகாரியையும், அங்கிருந்து ஊர்காவற்றுறை வைத்தியசாலையையோ யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையையோ அடையலாம். அரசாங்க வைத்தியசாலையில் இதற்குக் கட்டணம் இல்லை. “என் பிள்ளைக்குக் காதுப் பரிசோதனையும் தொழில்வழிச் சிகிச்சையும் வேண்டுமா?” என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

பாடசாலையிலும் கூச்சப்படவேண்டாம். 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்க, வலுவிழந்தோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின்படி, வலுவிழப்பைக் காரணம் காட்டி எவருக்கும் பாடசாலை அனுமதியில் பாரபட்சம் காட்ட முடியாது. சுவரோரமான இருக்கை, கரும்பலகை அழிக்கும் வேலை, பாடத்துக்கு நடுவே கிணற்றடிக்கு ஒரு நடை ஆகியவற்றை ஆசிரியரிடம் கேட்டுப் பாருங்கள். இவற்றுக்குப் பணச் செலவு எதுவும் இல்லை.

கடைசியாகத் தாய்மாருக்கு ஒரு வார்த்தை. தாயின் அன்புக் குறைவால் ஓட்டிசம் வருகிறது என்று ஒருகாலத்தில் மேல்நாட்டு வைத்தியர்களே எழுதினார்கள். அது பிழை என்று பின்னர் நிரூபிக்கப்பட்டது. சூனியமும் அல்ல, கண்ணூறும் அல்ல, நீங்கள் கொடுத்த செல்லமும் அல்ல. நூல் கட்டவும் கழிப்புக் கழிக்கவும் செலவாகும் காசைப் படகுச் செலவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். தகப்பன்மாரும் மாமியாரும் ஒரு பங்கை எடுக்கவேண்டும்; மாலையில் அரைமணி நேரம் ஊஞ்சலை ஆட்ட ஒரு ஆள் வந்தால் தாய்க்கு மூச்சு வரும்.

அந்தப் படகை மீண்டும் நினைத்துப் பாருங்கள். அடுத்த தடவை அப்படியொரு பிள்ளை கத்தும்போது, அடிக்கச் சொல்லாமல், இயந்திரத்துக்குத் தூரமான உங்கள் இடத்தை அந்தத் தாய்க்கு விட்டுக்கொடுத்துவிட்டு எழும்பி நில்லுங்கள்.